தலையில ஸ்டென்ட்: வயசானவங்களுக்கு வைக்கலாமா? (த்ரெட்)

1/ போன வாரம் ஓபியில 71 வயசு அம்மா ஒருத்தங்க. தலைசுத்தலுக்காக எம்ஆர்ஐ எடுத்திருக்காங்க. சுத்தலுக்குக் காரணம் காதுல. ஆனா ரிப்போர்ட்டுல கூடவே ஒரு வரி: மூளை ரத்தக்குழாயில் 4 மி.மீ. அனியூரிசம். மகன் கேட்ட முதல் கேள்வி, "சார், உடனே ஸ்டென்ட் வெச்சிடலாமா?" அந்த அம்மா மூணு நாளா தூங்கலையாம்.

2/ பழைய சைக்கிள் டியூப்ல ஒரு இடம் மட்டும் புடைச்சு நிக்கும்ல, அதுதான் அனியூரிசம். 100 பெரியவங்களை ஸ்கேன் பண்ணினா சுமார் 3 பேருக்கு இருக்கும். பெரும்பாலும் கடைசிவரை வெடிக்காது. வெடிச்சா மட்டும் ரொம்ப மோசம், மூணுல ஒருத்தரையாவது இழந்துடுவோம்.

3/ இதயத்துல ஸ்டென்ட் வைக்கிறது அடைப்பைத் திறக்க. இங்க நேர்மாறு, புடைப்பை அடைக்க. உள்ளே நிரப்பின காயில் நழுவாம தாங்கிப் பிடிக்க ஒரு வகை. நெருக்கமா பின்னின வலைக்குழாய் இன்னொரு வகை, பேரு ஃப்ளோ டைவர்ட்டர். புடைப்புக்குள்ள ரத்த ஓட்டம் குறைஞ்சு, மாசக்கணக்குல அது தானா மூடிக்கும்.

4/ வயசானவங்களுக்கு சேஃபா? செய்யலாம். 75 வயசுல செஞ்சுக்கிட்டு நடந்து வீட்டுக்குப் போனவங்க உண்டு. ஆனா ரிஸ்க் கூடுதல். குழாய்கள் நெளிஞ்சு கிடக்கும், உள்ளே டியூப் ஏறுறதே கஷ்டம். சுவர்ல இருக்கிற படிவு உதிர்ந்து மூளைக்குப் போனா பக்கவாதம். கான்ட்ராஸ்ட் மருந்து கிட்னியைப் பாதிக்கலாம்.

5/ என்னைக் கேட்டா, ஆபரேஷன் நாளை விட பயப்பட வேண்டியது அதுக்கப்புறம் வர்ற மாசங்களைத்தான். ஸ்டென்ட்டுல ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் ரெண்டும் மாசக்கணக்குல போடணும். அப்புறமும் ஆஸ்பிரின் தொடரும். ஏற்கனவே அல்சர் இருக்கிறவங்க, பாத்ரூம்ல அடிக்கடி வழுக்கி விழுறவங்க, ஏழு மாத்திரையில எதைப் போட்டோம்னு மறக்கிறவங்க... புரியுதுல்ல?

6/ ஒரு தாத்தாவுக்கு ஸ்டென்ட் நல்லபடியா வெச்சாங்க. ரெண்டாவது மாசம் பல் புடுங்கணும்னு யாரோ சொல்லி ரெண்டு மாத்திரையையும் நிறுத்திட்டாரு. எங்க கேஷுவாலிட்டிக்கு வரும்போது வலது பக்கம் வரலை, பேச்சும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில 'நிறுத்தக் கூடாது'ன்னு இருந்துச்சு. இங்கிலீஷ்ல. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகலை.

7/ அதனால சின்ன புடைப்பைக் கண்டதும் ஓடாதீங்க. 2003ல வந்த பெரிய சர்வதேச ஆய்வுல, முன்பக்கக் குழாய்கள்ல 7 மி.மீ.க்குக் கீழ இருந்து, முன்னாடி ரத்தக்கசிவே வராதவங்களுக்கு 5 வருஷத்துல வெடிப்பு பூஜ்யம். பின்பக்கத்துல 7 முதல் 12 மி.மீ. இருந்தா 14.5%. நிஜத்துல சின்னதும் வெடிச்சு வர்றதைப் பாக்குறோம், அதனால சைஸ் மட்டும் போதாது. இடம், வடிவம், வளருதா, குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா, எல்லாம் பாக்கணும்.

8/ அதுக்காக 'வயசாயிடுச்சு, விட்டுடுங்க'ன்னு சொல்றதும் தப்பு. பெருசா இருந்தா, வளர்ந்துட்டே வந்தா, 70 வயசு ஒரு தடை இல்ல. வாழ்க்கையிலேயே வராத மாதிரி திடீர் தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம் வந்தா யோசிக்காம 108. வெடிச்ச கேஸ்ல கணக்கே வேற.

9/ நான் நியூரோ சர்ஜன் இல்ல. ஸ்டென்ட் வேணுமா வேணாமான்னு படத்தைப் பாத்து அவங்கதான் சொல்லணும், ரெஃபர் பண்ணிட்டேன். ஆனா அந்த அம்மாவோட பிபி 170/100. மாத்திரையை நிறுத்தி நாலு மாசம் ஆச்சாம்! மகனுக்கு அதைப் பத்தி ஒரு கேள்வியும் இல்லை. அன்னைக்கே எழுதிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "குனிஞ்சு கோலம் போடலாமா தம்பி?"

போடுங்கம்மான்னு சொல்லி அனுப்பினேன்.