வேப்பிலைக்கு உள்ள புத்தி சர்க்காருக்கு இல்லையா?

குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது என்றால் நம் கிராமத்துத் தாய் முதலில் செய்யும் காரியம் என்ன? வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகுகிறாள். அதைக் கண்டதும் பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையோடு உள்ளே வரமாட்டாள். விருந்தாளி திண்ணையோடு திரும்பிவிடுவார். வேப்பிலை தட்டம்மையைக் குணப்படுத்தாது. ஆனால், ‘இங்கே தொற்று நோய் இருக்கிறது, விலகி நில்’ என்று எழுத்தறியாதவருக்கும் அது சொல்லிவிடுகிறது.

அதே தாய் அதே குழந்தையைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தால் என்ன நடக்கிறது? ஓ.பி. சீட்டுக்கு ஒரே வரிசை. குழந்தைக்குக் காய்ச்சல்; கண் சிவந்திருக்கிறது; மூக்கு ஒழுகுகிறது; விடாத இருமல். அவளுக்கு முன்னால் ஒரு கர்ப்பிணி. பின்னால் ஆறு மாதக் குழந்தையோடு இன்னொரு தாய். எல்லோரும் ஒரே பெஞ்சில், ஒரே கூடத்தில், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். நாம் போய்ப் பார்த்த ஆஸ்பத்திரிகளில் நிலைமை இதுதான்.

குடிசை வாசலில் இருக்கிற எச்சரிக்கை ஆஸ்பத்திரி வாசலில் இல்லை! ஏன் இல்லை என்று கேட்கிறோம்.

காற்றில் நிற்கும் நோய்

தட்டம்மை, மணல்வாரி என்று ஜனங்கள் சொல்லும் இந்த நோய் தொட்டால் மட்டும் வருவதல்ல. நோயாளி எழுந்து போன பிறகும் அவர் விட்ட மூச்சிலுள்ள கிருமி அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை உயிரோடு நிற்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கி, தோன்றிய பின்பும் நான்கு நாள் பரவும்.

1981-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டிகால்ப் மாவட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். குழந்தை வைத்தியர்களின் கிளினிக் ஒன்றுக்கு 12 வயதுச் சிறுவன் தடிப்போடும் கடும் இருமலோடும் வந்தான். ஒரு மணி நேரம்தான் இருந்தான்; அதிலும் பெரும்பகுதி ஒரே அறைக்குள். அந்த ஒரு வருகையால் ஏழு பேருக்கு நோய் கண்டது. அவர்களில் மூன்று குழந்தைகள் அவன் இருந்த அறையில் இருந்ததே இல்லை. அந்த மூவரில் ஒரு குழந்தை, அவன் போய் ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் கிளினிக்குக்கே வந்தது!

பணக்கார நாட்டின் கிளினிக்கிலேயே இந்தக் கதி என்றால், நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடிக்கும் நமது ஓ.பி.யின் கதி என்ன? சளிக்கு மருந்து வாங்கப் போன குழந்தை அம்மையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் அதற்கு யார் பொறுப்பு?

பழைய பல்லவி

‘ஜனங்கள் அறியாதவர்கள், தடுப்பூசி போட வரமாட்டார்கள், நாங்கள் என்ன செய்வது?’ அதிகாரிகள் பாடும் பல்லவி இது. 2017-ல் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் புரளி கிளப்பியவர்கள் குழந்தைகளின் விரோதிகள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2022 கடைசியில் மும்பையின் கோவண்டிக் குடிசைப் பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் மாண்டார்களே, அதற்கும் அறியாமை ஒன்றுதான் காரணமா? கொரோனா காலத்தில் தடுப்பூசிப் பணி தடைப்பட்டதும், காற்றுப் புகாத நெரிசல் வீடுகளும், சத்துணவில்லாத உடம்பும் காரணமில்லையா?

ஊசிதான் முதல் அரண். 9 முதல் 12 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்தில் ஒன்று. நூற்றுக்கு 95 பேருக்காவது இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்பது மாதம் நிரம்பாத சிசுவுக்கு அந்த அரண் இன்னும் எழவில்லையே! அந்தச் சிசுவை ஆஸ்பத்திரிப் பெஞ்சில் காப்பது தாயின் வேலையா, சர்க்காரின் வேலையா? 2023-ல் மட்டும் உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இந்நோய் குடித்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள்.

கோடி ரூபாய் கேட்கவில்லை

‘தனிக் காற்றோட்ட அறை கட்ட நிதியில்லை’ என்பார்கள். அறை கட்டும் வரை கை கட்டி நிற்க வேண்டுமா?

வாசலில் ஒரு ஊழியரை நிறுத்துங்கள். சீட்டுக் கொடுக்கும் முன்பே காய்ச்சல் உண்டா, தடிப்பு உண்டா, கண் சிவந்திருக்கிறதா, தெருவில் யாருக்காவது அம்மையா என்று கேட்கட்டும். ‘உண்டு’ என்றால் இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு முகக்கவசம் கொடுத்து, வேறு வழியாகத் திறந்த தாழ்வாரத்துக்கு அனுப்புங்கள். டாக்டர் அங்கே வந்து பார்க்கட்டும். அறைக்குள் பார்க்க நேர்ந்தால், பிறகு ஜன்னல்களைத் திறந்துவைத்து இரண்டு மணி நேரம் அதில் யாரையும் விடாதீர்கள். ஆணியடித்து மூடிய ஜன்னல்களையெல்லாம் திறங்கள். புதன்கிழமை ஊசி போட வரும் சிசுக்களைக் காய்ச்சல் வரிசையில் உட்கார வைக்காதீர்கள்.

நோய் உறுதியானால் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டி, அன்று அந்நேரத்தில் இருந்தவர்களைத் தேடிப் போங்கள். 72 மணி நேரத்துக்குள் போட்டால், ஊசி போடத் தகுந்தவர்களை ஊசி காப்பாற்ற முடியும். கர்ப்பிணிக்கும் பச்சைச் சிசுவுக்கும் டாக்டர் வேறு வழி சொல்வார். நோயுற்ற குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுங்கள். அது கண்ணையும் உயிரையும் காக்கும்.

இவை முடியாத காரியங்களா? 2020-ல் கொரோனா வந்தபோது வாசலில் காய்ச்சல் பார்க்கவில்லையா? தரையில் வட்டம் போடவில்லையா? காய்ச்சலுக்குத் தனிப் பிரிவு திறக்கவில்லையா? பெரிய மனிதர்களுக்கும் உயிர்ப்பயம் வந்த நோய்க்கு முடிந்தது, ஏழைக் குழந்தைகளைக் கொல்லும் நோய்க்கு ஏன் முடியவில்லை?

துப்புரவுத் தொழிலாளிக்கு யார்?

இன்னொன்று கேட்கிறோம். நோயாளியை முதலில் எதிர்கொள்வது டாக்டர் அல்ல. சீட்டுக் கொடுப்பவர், காவலாளி, தரை துடைக்கும் பெண். இவர்களில் பலர் ஒப்பந்தக் கூலிகள். இவர்கள் இரண்டு ஊசி போட்டவர்களா என்று கணக்கெடுத்தது யார்? எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கு நோயின் மூச்சுப் பட்டால் ஐந்தாம் நாள் முதல் 21-ஆம் நாள் வரை வேலைக்கு வரக்கூடாது என்பது வைத்திய விதி. அந்த நாட்களுக்குக் கூலி யார் தருவது? கூலி இல்லையென்றால் அவள் நோயை மறைத்து வருவாள். குற்றம் அவளுடையதா, ஒப்பந்த முறையுடையதா?

2023-க்குள் தட்டம்மையை ஒழிப்போம் என்றார்கள். அது கடந்ததும் 2026 என்று 2025 ஏப்ரலில் மீண்டும் முழங்கினார்கள். தேதியைத் தள்ளிப் போட்டால் நோய் ஒழியாது, ஓ.பி.யின் வரிசையைப் பிரித்தால் ஒழியத் தொடங்கும்.

தோழர்களே! நமக்கும் வேலை இருக்கிறது. ‘அம்மை இறங்கட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்’ என்று காத்திருந்து, நெஞ்சில் சளி கட்டிய குழந்தையைக் கடைசி நேரத்தில் தூக்கி ஓடும் வழக்கத்தை வீடு வீடாகச் சென்று மாற்றுவோம். ஊசி விட்டுப்போன குழந்தைகளின் பட்டியலைத் தெருவாரியாக எடுப்போம். அந்தப் பட்டியலோடும் இந்தக் கோரிக்கைகளோடும் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவோம்.

தாய் தன் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டாள். சர்க்கார் தன் வாசலில் என்ன கட்டப் போகிறது?