கருவியும் கடமையும்

தொலைவில் உள்ளவரின் குரலை அண்மையிற் கொணர்வது தொலைபேசி. தொலைவில் நிகழ்வதைக் கண்முன் நிறுத்துவது தொலைக்காட்சி. இவ்விரண்டும் மனித அறிவு ஈன்ற அரும்பெருங் கருவிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு கருவியின் பெருமையை அது செய்யும் விந்தையைக் கொண்டு மட்டும் அளத்தல் சாலாது. அஃது எவரெவர்க்குப் பயன்படுகின்றது, எவரை வாயிலுக்கு வெளியே நிறுத்துகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

தொலைபேசியின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும். 1876ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் அதற்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், காது கேளாதோர்க்குப் பேசக் கற்பித்த ஆசிரியர். அவருடைய அன்னையார் செவிப்புலன் குன்றியவர். பின்னர் அவர் மணந்த மங்கையும் காது கேளாதவர். எனினும், அவர் ஆக்கிய கருவி ஒலியை மட்டுமே சுமந்து சென்றது. எம்மக்களுக்காக அவர் உழைத்தாரோ அம்மக்களுக்கே அக்கருவி பயன்படாதொழிந்தது. ஏனையோர் வீட்டில் இருந்தபடியே மருத்துவரை அழைத்தனர். காது கேளாதவரோ நள்ளிரவிலும் பிறர் உதவியை நாட வேண்டியவராயினர்.

இந்நிலை எண்பது ஆண்டுகளுக்கு மேலும் நீடித்தது. 1964ஆம் ஆண்டில், காது கேளாத இயற்பியல் அறிஞராகிய இராபர்ட் வீட்பிரெக்ட் என்பவர் அதற்கு ஒரு வழி கண்டார். தட்டச்சுப் பொறியில் தட்டப்படும் எழுத்துகளை அவர் ஒலிக்குறிகளாக மாற்றித் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பினார். மறுமுனையில் இருந்த பொறி அக்குறிகளை மீண்டும் எழுத்துகளாக்கித் தாளிற் பதித்தது. கம்பி பழைய கம்பியே. புதிதாக வந்தது, காது கேளாதவரையும் எண்ணிப் பார்த்த கருத்து ஒன்றே.

தொலைக்காட்சியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1972ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து நிலையம் ஒன்று, சமையற்கலை நிகழ்ச்சியொன்றில் பேசப்பட்ட சொற்களை எழுத்தாகத் திரையிற் காட்டியது. 1980ஆம் ஆண்டு முதல், வேண்டுவோர் மட்டும் காணத்தக்க துணையெழுத்துகள் ஒளிபரப்பப்பட்டன. ஆனால், அவற்றைக் காண ஏறத்தாழ 250 டாலர் விலையுள்ள தனிப்பெட்டி ஒன்று தேவைப்பட்டது. பெட்டி வாங்கியோர் சிலராதலின், அவர்பொருட்டுச் செலவு செய்ய நிலையங்கள் தயங்கின. துணையெழுத்து உள்ள நிகழ்ச்சிகள் சிலவாதலின், பெட்டி வாங்க மக்கள் தயங்கினர். இத்தயக்கத்தை நீக்கியது யாது? சட்டமே நீக்கியது. 13 அங்குலமும் அதற்கு மேலும் திரையளவுள்ள தொலைக்காட்சிப் பெட்டிகள் யாவும், 1993ஆம் ஆண்டு ஜூலை முதல் துணையெழுத்தைக் காட்டும் உறுப்பைத் தம்முள்ளே கொண்டிருத்தல் வேண்டும் என 1990ஆம் ஆண்டில் அந்நாடு சட்டம் இயற்றியது. தனியே விலை கொடுத்துப் பெற வேண்டியிருந்த வசதி, அனைவர் வீட்டிலும் பொதுவாய் அமைந்தது.

சிலர்பொருட்டுப் பலர் ஏன் செலவு செய்தல் வேண்டும் என்று வினவுவோர் உளர். அவ்வசதியால் பயன்பெற்றோர் யாவர் என அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக. இரைச்சல் மிகுந்த உணவு விடுதியில் செய்தி அறிய விழைவோர், வேற்றுமொழி கற்போர், முதுமையால் செவி மங்கியோர் ஆகிய பலரும் இன்று துணையெழுத்தைப் படிக்கின்றனர். நெடுநாள் வாழ்வோர் எவர்க்கும் கண்ணும் செவியும் தளர்தல் இயல்பு. ஆதலால், பிறர்க்கென இன்று அமைக்கும் வழி நாளை நமக்கும் வழியாகும்.

இவ்வாறு பயன் விரிந்திலதாயினும் கடமை குறைந்துவிடாது. புயல் வருகின்றது என்று தொலைக்காட்சியில் அறிவிக்கும்போது, காது கேளாதவர் வாயசைவை மட்டும் கண்டு திகைக்கலாமா? எச்சரிக்கைச் சொற்கள் திரையில் எழுத்தாக மட்டும் ஓடும்போது, பார்வையற்றவர் அதனை அறியாதிருக்கலாமா? முன்னவர்க்கு எழுத்தும் சைகை மொழியும் வேண்டும்; பின்னவர்க்குக் காட்சியை விளக்கும் குரல் வேண்டும். இவற்றை ஈகை எனக் கருதுதல் தவறு. ஈகை கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. உரிமையோ எவர் மனத்தையும் பொறுத்ததன்று. இந்திய நாட்டில் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், மின்னணு ஊடகங்களில் இம்மூன்று வசதிகளுக்கும் அரசு வழி செய்தல் வேண்டும் என்கின்றது.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. கருவியைச் செய்வோரின் கருத்திலும் அஃது இருத்தல் வேண்டும். கட்டி முடித்த வீட்டிற் சுவரை இடித்து வாயில் வைத்தலினும், கட்டும்போதே வாயில் வைத்தல் எளிது. நாளைப் பொறியாளராகவும் ஆட்சியாளராகவும் விளங்கவிருக்கும் மாணவர்கள், எக்கருவியை ஆக்கினும், இதனைப் பயன்படுத்த இயலாதார் எவரேனும் உளரோ என்று முதலில் வினவுவாராக. அவ்வினாவை மறவாத அறிவே மக்கள் அனைவர்க்கும் பயன்படும் அறிவாகும்.