தூரிகையும் பணிச்சோர்வும்

தொழில் பார்க்கும் நமது பெண்களுக்கு நாளொன்றில் இரண்டு வேலைகள். ஒன்றுக்குச் சம்பளம் உண்டு. மற்றதற்கு நன்றியும் கிடையாது. இரவுப் பக்கங்களை முடித்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் சமையலை எண்ணியபடி பஸ்ஸுக்கு ஓடிய சக பெண் ஊடகவியலாளர்களை நான் கண்டிருக்கிறேன். ஆண்களாகிய எங்களுக்கு அந்த ஓட்டம் இருக்கவில்லை.

இத்தகைய களைப்பு ஓரிரவு உறங்கி எழுந்தால் தீர்வதில்லை. 2019 இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வுக்கு வரைவிலக்கணம் தந்தபோது, அதை நோய் என்று கூறவில்லை. முறையாகக் கையாளப்படாத, நீடித்த வேலைத்தல நெருக்கடியின் விளைவு என்றே கூறியது. இவ்வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

இச்சோர்வைத் தணிக்க ஓவிய சிகிச்சை இன்று பரிந்துரைக்கப்படுகிறது. இது புதிய சரக்கல்ல. காசநோயாளியாகப் படுத்திருந்த காலத்தில் வரைதலின் பயனை உணர்ந்த ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில், 1942 இலேயே இப்பெயரைச் சூட்டிவிட்டார். நமது மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரில் வாடிய சிறுவர்களின் மனங்களைக் கலையால் தேற்ற முனைந்தது. சிறுவர்களுக்குச் செய்ததை அவர்களின் தாய்மாருக்கும் செய்யலாம் என்று நாம் ஏன் எண்ணவில்லை?

அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர் கலந்துகொண்டனர். 45 நிமிடங்கள் வண்ணத்திலும் களிமண்ணிலும் விரும்பியதைச் செய்தபின், அவர்களில் சுமார் 75 வீதமானோரின் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்ற நெருக்கடிச் சுரப்பு குறைந்திருந்தது. முன்னனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இருக்கவில்லை. ஆயினும் 'எனக்குச் சித்திரம் வராது' என்று ஒதுங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே புள்ளி போடுவார் எவருமில்லை.

வண்ணப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுப்பது சிகிச்சையாகிவிடாது. வரைந்ததைப் பற்றிப் பேசச் செய்து, பேசுவதைச் செவிமடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருக்க வேண்டும்.

எனது அச்சம் வேறொன்று. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் உற்பத்தி இலக்கைத் துரத்தும் யுவதிக்கும், ஆள் பற்றாக்குறையான விடுதியில் நிற்கும் தாதிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஓவியப் பட்டறை நடத்திவிட்டு, திங்கட்கிழமை அதே சுமையை ஏற்றினால் அது சிகிச்சையல்ல, கண்துடைப்பு. அந்த ஞாயிறும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதாகிவிடும்.

ஆகவே, வேலை நேரத்துக்குள், சம்பளத்துடன் அந்த ஒரு மணித்தியாலம் ஒதுக்கப்படட்டும். கூடவே பணிப்பளுவும் குறைக்கப்படட்டும். வீட்டிலோ, அவள் வரையும் நேரத்தில் அடுப்படியை நாம் பார்த்துக்கொள்வோம். தூரிகையைப் பிடிக்க முதலில் கை ஓய வேண்டுமல்லவா?