பனி இல்லாத ஊரில் கூலண்ட் எதற்கு?

“நம்ம ஊர்ல பனியா கொட்டுது? பைப் தண்ணியே போதும் சார்.” பீடோரில் கார் பட்டறைப் பக்கம் நின்றால் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். அறிவியல் ஆசிரியராக இருந்துகொண்டு நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்குப் பலியானது ஒரு புத்தம் புதிய வாட்டர் பம்ப்.

என் பழைய புரோட்டோன் சாகாவின் எஞ்சினைப் பிரித்துச் சீரமைத்தபோது பிஸ்டன் ரிங், கேஸ்கெட், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டோம். கடைசியில் ரேடியேட்டரில் ஊற்றியது மட்டும் குழாய்த் தண்ணீர். காசை மிச்சம் பிடித்தவன் நான்தான். இரண்டு ஆண்டு முடிவதற்குள் பம்பின் அடியில் துரு நிறத்தில் சொட்டத் தொடங்கியது. கழற்றிய பம்பை என் கையில் வைத்த போர்மேன், “பம்ப் தானா கெடல சார். நீங்க ஊத்துன தண்ணி கெடுத்துச்சு” என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 34 மில்லியன் ஜூல் வெப்ப ஆற்றல் வெளிப்படும். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 11 மில்லியன் ஜூலை, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். படிவம் 4 இயற்பியலில் ‘முவாத்தான் ஹாபா தெந்து’ என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்களே, அந்தக் கணக்கின்படி 5 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 1.5 மில்லியன் ஜூல் போதும். ஆக, ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் வெப்பம் அந்தத் தண்ணீரை ஏழு முறை கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடும். பம்ப் சுற்றுவதால்தான் சூடான நீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்புகிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது பம்ப் நின்றுவிட்டால் சில நிமிடங்களிலேயே எஞ்சின் கொதித்துவிடும்.

இவ்வளவு வேலை செய்யும் பம்பைக் குழாய்த் தண்ணீர் எப்படிக் கெடுக்கிறது?

1985இல் வெளிவந்த முதல் சாகாவின் 1.3 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் பிளாக் வார்ப்பிரும்பு. மேலே உள்ள ஹெட் அலுமினியக் கலவை. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, உப்புகள் கரைந்த நீர் இரண்டையும் நனைத்தால் என்ன ஆகும்? படிவம் 5 வேதியியல் மாணவரைக் கேளுங்கள், அது ஒரு மின்கலம் என்பார். வினைத்திறன் மிகுந்த அலுமினியம் கரையத் தொடங்கும். நீரில் உள்ள ஆக்சிஜனால் இரும்பும் துருப்பிடிக்கும். அந்தத் துருத்துகள்கள் நீரோடு சுற்றிவந்து, பம்பின் அச்சுக்குக் காவலாக இருக்கும் சீலை மணல்தாள் போலத் தேய்க்கும். சீல் தேய்ந்தால் கசிவு. கசிந்த நீர் பேரிங்கைத் தொட்டால் பம்பின் கதை முடிந்தது.

கூலண்ட் என்றதும் பனிநாட்டுப் பொருள் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நீர் உறையாமல் காப்பது உண்மைதான். அந்த வேலை நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது அதில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள். அவை உலோகத்தின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. சரிபாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில்கூட 107 டிகிரி அளவில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் சேர்ந்தால் கொதிநிலை இன்னும் உயரும். ஆகவே பனியே பார்க்காத பீடோருக்கும் கூலண்ட் தேவை.

“வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச முடியாதே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுத்தமான நீரின் வெப்பம் சுமக்கும் திறன் கூலண்ட் கலவையைவிடச் சற்று அதிகம்தான். ஆனால் எஞ்சினை உள்ளிருந்தே தின்னும் நீர் எவ்வளவு வெப்பத்தைச் சுமந்து என்ன பயன்? வழியில் நின்றுபோன காருக்கு, எஞ்சின் ஆறிய பிறகு, குழாய்த் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம். அதையே வழக்கமாக்கக் கூடாது.

எனவே, பம்ப் மாற்றும் நாளில் நீங்கள் பட்டறையில் கேட்க வேண்டியவை சில. பழைய நீரை முழுதாக வடித்து, உள்ளே அலசச் சொல்லுங்கள். பம்ப் உட்காரும் இடத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, புதிது போடச் சொல்லுங்கள். பம்பை எடுக்க டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டிய எஞ்சினாக இருந்தால் பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இரட்டைக் கூலி மிச்சம். பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். சீல் தேய்ந்ததை முன்கூட்டிச் சொல்லும் துளை அது. சொட்டுகிறதே என்று அதைப் பசை வைத்து அடைக்க விடாதீர்கள். புதுக் கூலண்டை மெதுவாக ஊற்றி, உள்ளே சிக்கிய காற்று வெளியேறும் வரை எஞ்சினை ஓடவிட வேண்டும்.

பச்சை, சிவப்பு என்பதெல்லாம் வெறும் சாயம். நிறத்தைப் பார்த்து வாங்காமல் காரின் கையேடு சொல்லும் வகையை வாங்குங்கள். கையேடு சொல்லும் காலத்தில் மாற்றுங்கள், ஏனெனில் தடுப்பான்கள் தீர்ந்துபோகும். கிளைக்கால் இனிப்பான நஞ்சு. வடித்த கூலண்டைக் குழந்தைகளும் நாய் பூனைகளும் நெருங்கும் இடத்தில் வைக்காதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள்.

நம்மூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரே ஒரு கார்தான். அப்பாவின் வேலை, பிள்ளைகளின் டியூஷன், பாட்டியின் மருத்துவமனை எல்லாம் அதை நம்பியே. எஞ்சின் கொதித்து ஹெட் வளைந்தால் ஒரு மாதச் சம்பளமே கரைந்துவிடும். ஒரு போத்தல் கூலண்டோ, நாலு பேர் பீடோர் வாத்து மீ சாப்பிடும் செலவுக்குள் அடங்கிவிடும்.

நாளைக் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தேநீர் நிறம் தெரிந்தால் பம்ப் சொட்டும் வரை காத்திருக்க வேண்டாம்.