உலக்கை நின்றது

நம் ஊர்ப்புறங்களில் ஒரு வழக்கம் உண்டு. கிரகண நேரத்தில் தாம்பாளத்தில் நீர் ஊற்றி, நடுவே உலக்கையை நிறுத்துவர். பிடிப்பார் இன்றியே அது நிற்கும். கிரகணம் விட்டதும் சாய்ந்துவிடும் என்பர்.

2019 டிசம்பர் 26 அன்று காலை 8 மணியளவில் நிலவு சூரியனை மறைக்கத் தொடங்கியது. கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அது நெருப்பு வளையம் போலத் தெரிந்தது. புதுக்கோட்டைப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்திலும் உலக்கை நின்றது. கூடியிருந்தோர் கைகூப்பினர். "படிக்கிற பிள்ளை, இதுக்கு என்ன சொல்றே?" என்றார் அப்பத்தா. பள்ளி மாணவனாகிய நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நிறுத்தினேன், நின்றது! வானில் எந்த மறைப்பும் இல்லை. உலக்கையின் அடி பூண் கட்டித் தட்டையாக இருக்கிறது. அதன் எடை மையத்திலிருந்து இறங்கும் நேர்கோடு அடிப்பரப்புக்குள் விழும் வரை அது நிற்கும். பொறுமையாக நிறுத்துவோர்க்கு எந்நாளும் நிற்கும். நாம்தான் மற்ற நாட்களில் நிறுத்திப் பார்ப்பதே இல்லை.

"உலக்கை நின்றது" என்பது பொய்யன்று. கண்ணால் கண்ட உண்மை. "கிரகணத்தால் நின்றது" என்பதே பொய். இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: கிரகணம் இல்லாத நாளில் என்ன ஆகும்? ஆய்வுக்கூடத்தில் இத்தகைய கேள்வியைக் கேளாத மாணவனை ஆசிரியர் விடமாட்டார். ஆனால் மாலையில் வெள்ளை அங்கியோடு அக்கேள்வியையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அன்றோ நாம் விடுதிக்குத் திரும்புகிறோம்?

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். என் அறைத்தோழர் வடநாட்டு நண்பர். தண்ணீர்ப் புட்டியில் துளசி இலை போட்டு வைத்தார். எங்கள் வீட்டில் தர்ப்பை போடுவோம் என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். ஒரே நஞ்சுக்கு இரு வேறு மருந்துகள்! மருந்தையும் எங்கள் வீடுகளில் எவரும் சோதித்ததில்லை, நஞ்சையும் சோதித்ததில்லை.

அதற்காக முன்னோர் சொன்னதெல்லாம் பொய் என்று அடித்துப் பேசுவதும் சிந்தனை ஆகாது. அதுவும் கடன் வாங்கிய கருத்தே. சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்காதே என்பது சரியான அறிவுரை. விழித்திரை பழுதுபடும், வலி இல்லாமையால் பழுதுபடுவதும் தெரியாது. அறிவியலாரும் விதிவிலக்கு அல்லர். இரைப்பைப் புண் கவலையாலும் காரத்தாலும் வருகிறது என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியிருந்தது. கிருமியே பெரும் காரணம் என்று சொன்ன ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷலை எளிதில் எவரும் ஏற்கவில்லை. 1984இல் அக்கிருமியைத் தாமே குடித்தார். இரைப்பை அழற்சி கண்டது. அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அன்று முற்றத்தில் நாங்கள் உலக்கையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆறு மாதக் கர்ப்பிணியான என் அண்ணி இருட்டறையில் இருந்தார். காலை முதல் ஒரு வாய் நீர் இல்லை. "மணி என்ன ஆச்சு, தம்பி?" என்று கதவுக்குப் பின்னிருந்து இருமுறை கேட்டார். மணியைச் சொன்னேன், ஒரு குவளை நீர் கொடுக்கவில்லை. உலக்கையின் உண்மை எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. ஆனால் நிலவின் நிழல் குடிநீரை நஞ்சாக்காது என்பது அன்றே தெரியும். தெரிந்தும், பெரியவர்கள் மனம் நோகுமே என்று வாய் மூடியிருந்தேன். அந்த மௌனத்தின் விலையை நான் கொடுக்கவில்லை, அண்ணி கொடுத்தார்.

விடுமுறையில் ஊர் செல்லும் தோழர்களே! வீட்டில் வாதம் வேண்டா. கிரகணம் இல்லாத ஒரு நாளில் உலக்கையை எடுத்துப் பாட்டியின் கையிலேயே கொடுங்கள். அவரே நிறுத்திப் பார்க்கட்டும். ஆனால் கிரகண நாளில் கதவுக்குப் பின்னால் ஒருவர் தாகத்தோடு இருந்தால், உலக்கை காத்திருக்கட்டும். முதலில் நீர் கொடுங்கள்.