வாசலில் நின்று ஆயுதம் கேட்டவர்கள் எங்கே?

மாட்ரிட் நகரில் மே 2 சதுக்கம் என்று ஓர் இடம் இருக்கிறது. அதன் நடுவில் பழைய செங்கல் வளைவு ஒன்று. அதனடியில் பளிங்கில் இரண்டு ராணுவ அதிகாரிகள். கேப்டன் லூயிஸ் தாவோயிஸ், கேப்டன் பெத்ரோ வெலார்தே. நாட்டுக்காக உயிரைக் கொடுப்போம் என்று சத்தியம் செய்யும் கோலத்தில் அந்தோனியோ சோலா அவர்களைச் செதுக்கியிருக்கிறார். கையிலிருக்கும் வாளை அடிக்கடி யாரோ உடைத்து எடுத்துப் போய்விடுகிறார்களாம். எங்கள் சண்டை வாளோடு அல்ல. அந்தப் பீடத்தில் இடம் கிடைக்காமல் போனவர்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

1808 மே 2 அன்று மாட்ரிட் நெப்போலியனின் படை வசம் இருந்தது. அரச குடும்பத்தின் கடைசி இளவரசரையும் பிரான்சுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்ததும் அரண்மனை வாசலில் கூட்டம் கூடியது. அன்று முதலில் குரல் கொடுத்தவராகச் சொல்லப்படுபவர் ஹோசே பிளாஸ் மொலினா, பூட்டுத் தொழிலாளி. கத்தி, கல், கம்பு என்று கையில் கிடைத்ததோடு தெருவில் இறங்கியவர்கள் கைவினைஞர்கள், கூலிகள், வீட்டு வேலைக்காரர்கள், பெண்கள்.

ராணுவம் என்ன செய்தது? முகாமை விட்டு வெளியே வரக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. பெரும்பாலான அதிகாரிகள் அதற்குக் கீழ்ப்படிந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். நாட்டின் உயர் நிர்வாகமோ பிரெஞ்சுத் தளபதி முராவோடு சேர்ந்து மக்களை அமைதிப்படுத்தக் கிளம்பியது.

மோந்தெலேயோன் பீரங்கி முகாமின் வாசலிலும் மக்கள் நின்று ஆயுதம் கேட்டார்கள். தாவோயிஸும் வெலார்தேயும் உத்தரவை மீறிக் கதவைத் திறந்தார்கள், துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள், அங்கேயே போரிட்டுச் செத்தார்கள். இதைச் சிறிய காரியம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் தோழர்களே, யார் யாரை அசைத்தது என்று பாருங்கள். சீருடை போட்டவர்கள் மக்களைத் திரட்டவில்லை. தெரு முதலில் எழுந்தது, பிறகுதான் முகாமின் கதவு திறந்தது. இன்று சிலை நிற்பது அந்த முகாமின் வாசல் வளைவுக்கு அடியில்தான். உள்ளே இருந்தவர்கள் கல்லாகிவிட்டார்கள். வெளியே நின்று கேட்டவர்களுக்கு அங்கே உருவம் இல்லை.

அன்றும் அடுத்த நாள் விடியலுக்குள்ளும் செத்தவர்கள் சுமார் நானூறு பேர். சீருடைக்காரர்கள் அதில் சிறு பகுதிதான். ஆயுதத்தோடு பிடிபட்டவர்களைச் சுட்டுக் கொல்ல முரா உத்தரவிட்டார். மனுவேலா மலசான்யாவுக்கு 17 வயது. துணியில் பூவேலை செய்து பிழைத்தவர். அவர் சாவுக்கு இரண்டு கதைகள் உண்டு. முகாமில் தந்தைக்குத் தோட்டா எடுத்துக் கொடுக்கும்போது செத்தார் என்பது ஒன்று. வேலை முடிந்து வீடு திரும்பும்போது அவரிடம் இருந்த கத்தரிக்கோலை ஆயுதம் என்று சொல்லிச் சுட்டார்கள் என்பது மற்றொன்று. ஓர் உழைக்கும் பெண்ணின் தொழில் கருவி, அதிகாரத்தின் கண்ணில் ஆயுதம்.

'வீரம் வீரம்தானே, அதில் அதிகாரி என்ன, கூலி என்ன' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். அந்தச் சமத்துவம் சிலை வைக்கும்போது எங்கே போனது? பீரங்கிப் படைக்கு இரண்டு நாயகர்கள் கிடைத்ததும், அதே முகாமில் போரிட்ட காலாட்படை லெப்டினன்ட் ருயிஸுக்கும் 1891இல் தனிச் சிலை வந்தது. 1910இல் செகோவியா கோட்டையின் முன்னால் தாவோயிஸ், வெலார்தேக்கு மறுபடியும் ஒரு பெரிய நினைவுச் சின்னம். உத்தரவை மீறியதற்காகவே நினைக்கப்பட வேண்டிய இருவரை, உத்தரவுக்குக் கீழ்ப்படிவதையே உயிராகக் கொண்ட நிறுவனம் தன் அடையாளமாக்கிக்கொண்டது. மீறல் பின்னுக்குப் போய், தேசபக்தி மட்டும் மேடையில் மிஞ்சியது.

மக்கள் யார் பெயரைச் சொல்லிச் செத்தார்களோ அந்த ஏழாம் பெர்னாண்டோ, பிரான்சில் சொகுசுக் காவலில் இருந்தபடி நெப்போலியனுக்கு வாழ்த்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1814இல் திரும்பி வந்ததும் 1812 அரசியல் சட்டத்தை ரத்து செய்து, மதவிசாரணை மன்றத்தை மீண்டும் கொண்டுவந்தார். சோலாவின் சிலை செதுக்கப்பட்டதும் இவருடைய ஆட்சியில்தான். மக்களை நசுக்கிய ஆட்சிக்கு அதே மக்களின் எழுச்சியைக் கொண்டாட எந்தச் சங்கடமும் இல்லை, கொண்டாட இரண்டு அதிகாரிகள் கிடைத்துவிட்டால்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்பெயின் நாடாளுமன்ற வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஊர் வைத்த பெயர் தாவோயிஸ், வெலார்தே. 1860இல் மொரோக்கோ மீது நடத்திய போரில் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்த சிங்கங்கள் அவை. அந்நியப் படையை எதிர்த்துச் செத்தவர்களின் பெயர், அடுத்தவன் மண்ணில் படையெடுத்துப் பறித்த உலோகத்துக்கு!

கோயா 1814இல் வரைந்த ஓவியத்தில் அதிகாரி யாரும் இல்லை. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் கைகளை விரித்துத் துப்பாக்கிகளுக்கு முன்னால் நிற்கிறான், பெயர் தெரியாதவன்.

அந்தச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு மாநகராட்சிப் பதிவேட்டில் பெயர் 'உனிவெர்சிதாத்', அதாவது பல்கலைக்கழகம். அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டால் 'மலசான்யா' என்கிறார்கள்.