டெம்ப் டேபிளுக்குக் கம்ப்ரெஷன் தேவையா?

இடம் மிச்சமாகிறது என்றால் நமக்கெல்லாம் ஒரு சந்தோஷம். அதனால்தானோ என்னவோ, எஸ்க்யூஎல் சர்வரில் வேலை செய்யும் இளைஞர்கள் சிலர் கண்ணில் படும் டேபிளுக்கெல்லாம் கம்ப்ரெஷன் போட்டுவிடுகிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது: "சார், டெம்ப் டேபிளுக்கும் போடலாமா?" போட முடியும். ஆனால் அதை வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி.

விஷயம் புதிதானவர்களுக்கு ஒரு வார்த்தை. டெம்ப் டேபிள் என்பது கணக்கின் நடுவில் விவரங்களைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும் இடம். டெம்ப்டிபி என்ற தனி டேட்டாபேஸில் இருக்கும். வேலை முடிந்ததும் போய்விடும். சர்வர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் டெம்ப்டிபியே புதிதாக உருவாகிறது.

கம்ப்ரெஷன் 2008 பதிப்பில் வந்தது. விலை உயர்ந்த என்டர்பிரைஸ் பதிப்பில்தான் பல வருடம் இருந்தது. 2016 பதிப்பின் முதல் சர்வீஸ் பேக்கில் ஸ்டாண்டர்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். ஆசை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதில் இரண்டு வகை. ரோ கம்ப்ரெஷனில், நான்கு பைட் பிடிக்கும் இன்டிஜர் காலத்தில் 5 என்ற மதிப்பு இருந்தால் ஒரு பைட்டே போதும். பேஜ் கம்ப்ரெஷன் அதற்கு மேல் ஒரு படி போய், ஒவ்வொரு 8 கேபி பக்கத்திலும் திரும்பத் திரும்ப வருவதை ஒரே முறை எழுதி வைக்கிறது.

இதற்கு விலை சிபியு. எழுதும்போது சுருக்க வேண்டும், படிக்கும்போதெல்லாம் விரிக்க வேண்டும். மெமரியிலும் பக்கங்கள் சுருங்கியபடியே இருக்கும். ஒரு முறை எழுதி வருடக்கணக்கில் வைத்திருக்கும் பழைய பரிவர்த்தனை டேபிளுக்கு இது நல்ல பேரம். நள்ளிரவில் எழுதி, ஒரே முறை படித்து, உடனே தூக்கிப் போடும் டேபிளுக்கு அப்படியல்ல. சந்தையிலிருந்து வந்த காய்கறியை அடுத்த நிமிடமே நறுக்கப் போகிறோம் என்றால் யாராவது கட்டிப் பரணில் வைப்பார்களா?

2012 முதல் என்டர்பிரைஸ் உரிமத்துக்கு கோர் கணக்கில்தான் பணம் வாங்குகிறார்கள். டிஸ்க் வாங்குவதைவிட கோர் கூட்டுவதே பெரும்பாலும் கையைக் கடிக்கும். தவிர, வங்கியில் இரவு வேலை காலைக்குள் முடியாவிட்டால், சிபியுவைக் குறைசொல்லி வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த முடியாது. திட்டு வாங்குவது கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்தான்.

இன்னொரு சிக்கல். கிளஸ்டர்டு இண்டெக்ஸ் இல்லாத டேபிளுக்கு பேஜ் கம்ப்ரெஷன் என்று எழுதிவிட்டு சாதாரண இன்செர்ட் செய்தால், புதுப் பக்கங்கள் பேஜ் அளவுக்குச் சுருங்குவதில்லை. டேப்லாக் குறிப்புடன் மொத்தமாக ஏற்ற வேண்டும், அல்லது பிறகு ரீபில்டு செய்ய வேண்டும். செலக்ட் இன்டூவில் கம்ப்ரெஷன் கேட்கவே வழியில்லை. கிடைக்காத லாபத்தைக் கிடைத்ததாக நினைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எப்போது போடலாம்? டேபிள் மிகப் பெரியது, ஒரே வேலைக்குள் பல முறை படிக்கப்படுகிறது, டிஸ்க்தான் திணறுகிறது, சிபியு சும்மா இருக்கிறது. இந்த நான்கும் சேர்ந்தால் தாராளமாகப் போடுங்கள். முதலில் ரோ, போதாவிட்டால் பேஜ். நம் மொழிப் பெயர்கள் என்வார்ச்சாரில் எழுத்துக்குறிக்கு இரண்டு பைட் எடுக்கும். 2008 ஆர்2 முதல் அதையும் சுருக்குகிறார்கள். இந்திக்கு 50 சதவீதம் மிச்சம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. ஆனால் மேக்ஸ் என்று அறிவித்த காலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

அதற்கும் முன்னால், அந்த டேபிளுக்குள் என்ன போகிறது என்று பாருங்கள். ஐந்து காலம் போதுமான இடத்தில் ஐம்பதை இழுத்து வருகிறோமா? ஒரு கிளைக்கான கணக்குக்கு எல்லாக் கிளைகளையும் கொட்டுகிறோமா? அங்கே கத்தரித்தால் இடமும் மிச்சம், சிபியுவும் மிச்சம், நேரமும் மிச்சம். கத்தரித்த பிறகும் பெரிதாக இருந்தால், கம்ப்ரெஷனோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை ஓட்டி, ஆன நேரத்தையும் சிபியுவையும் குறித்துப் பாருங்கள்.

உங்கள் சர்வரில் வேறு மாதிரி விடை வந்தால் எழுதுங்கள், கற்றுக்கொள்கிறேன்.